சைபர் போட்ட மரங்கள்

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு வரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தோம். அதனால் வருகிறவர்களின் முகத்துக்கு முன்னால் காலைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பேச்சியம்மாளையும் அப்படித்தான் முதலில் பார்த்தேன். கணுக்கால் வரை செம்மண். பெருவிரல் இடுக்கில் ஒரு துளிப் புளிய இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் செருப்பே போடலக்கா. உள்ள வரலாமா?"

அந்தக் கேள்விக்கு எங்கள் அறிவிப்பில் பதில் இல்லை. செருப்பில் ஒட்டிய மண்ணைத்தான் தடுத்திருந்தோம், காலில் ஒட்டிய மண்ணைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. நானே எழுந்து வெளியே போனேன். ஏசியின் குளிர் கொஞ்ச தூரம் என் முதுகோடு வந்து, வெயிலில் காணாமல் போனது.

என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்து நீட்டினாள். பனியில் நனைந்து காய்ந்து, தாள்கள் துணிபோலத் தொளதொளவென்று ஆகியிருந்தன. புளி வாசமும் விறகுப் புகை வாசமும் அடித்தது.

"எல்லாம் அணிலுதான். பத்திரமா ஏத்திருங்க," என்றாள்.

நெல் மூட்டையை வண்டியில் ஏற்றச் சொல்வதுபோலச் சொன்னாள். அணில்களை ஒவ்வொன்றாகத் தூக்கி கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

குளிர்ந்த அறை

ராஜபாளையத்தில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்தது எங்கள் சென்டர். தொண்ணூறுகளின் முற்பகுதி. ஊரில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர்களைவிட அதைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். நான் தபாலில் பி.காம். படித்துக்கொண்டு, டைப்ரைட்டிங் ஹையர் முடித்த ஒரே தகுதியில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா மில் தொழிலாளி. பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டிருந்த மனிதரின் மகள் ஏசியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெருவில் பேச்சு. ஏசி கம்ப்யூட்டருக்கு, எனக்கில்லை என்று யாரிடமும் நான் சொல்லவில்லை.

ஓனர் பெயர் நரசிம்மராஜா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எஸ்தர் என்று கூப்பிடாமல் என்னை 'அம்மாயி' என்பார். தெலுங்கில் சின்னப் பெண்ணை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் வீட்டில் அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள். இருபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த அந்தப் பதவி உயர்வை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மில்களின் வருகைப் பதிவு, சொசைட்டி உறுப்பினர் பட்டியல் என்று வந்துகொண்டிருந்த இடத்துக்கு, ஒரு கல்லூரியின் இயற்கை மன்றத்திலிருந்து இந்த வேலை வந்தது. சீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளில் மலையணில் எத்தனை இருக்கிறது, எத்தனை கூடு கட்டியிருக்கிறது என்று ஆள் வைத்து எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பில் தோப்பு தோப்பாக நடந்தவர்களில் ஒருத்தி, மம்சாபுரம் பேச்சியம்மாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மற்ற நாட்களில் அதே தோப்புகளில் புளி உலுப்பவும் பொறுக்கவும் போகிறவள்.

மலையணில் நம் வீட்டுக் கூரையில் ஓடுகிற கோடு போட்ட அணில் இல்லை. பூனை அளவு இருக்கும், சாம்பல் நிறம், உடம்பைவிட நீளமான வால். இதெல்லாம் அந்தத் தாளின் தலைப்பில் அச்சடித்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. நான் பார்த்ததில்லை.

விரலால் நடந்த காடு

மலை எங்கள் ஊர்க்காரர்களுக்கு மேற்குத் திசையின் இன்னொரு பெயர். துணி காயப்போட மாடிக்குப் போனால் அது இருக்கும். மழைக்காலத்தில் பாதி இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை அய்யனார் கோவில் ஆற்றுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவோம். அதற்கு மேல் அந்த மலைக்கும் எனக்கும் போக்குவரத்து இல்லை.

அந்த வேலை வந்த பிறகு தினமும் போனேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. தோப்பின் பெயர், புளி, மா, தென்னை, மருது, கூடுகள் எத்தனை, காலையில் பார்த்தது எத்தனை, மாலையில் பார்த்தது எத்தனை. பத்துத் தாள் போனதும் கண் எழுத்தை விட்டுவிடும், விரல்கள் தாமாக நடக்கும். ஏசி ஒரே சுருதியில் ஊதிக்கொண்டிருக்கும். நான் ஓடைக்கரையில் போய்க்கொண்டிருப்பேன். கீழத்தோப்பு, ஓடைத்தோப்பு, பிள்ளையார்கோவில் தோப்பு. எல்லாத் தோப்பிலும் பச்சை வெளிச்சம்.

கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்தும். அவசரமாக சேவ் பண்ணி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போவோம். எதிரே மலை. சற்று முன்புதான் அங்கிருந்து வந்ததுபோல எனக்குத் தோன்றும். எந்த மடிப்பில் எந்தத் தோப்பு என்று தேடுவேன். தூக்கத்திலும் அணில்கள் வந்தன. அவற்றுக்கு உடம்பு கிடையாது, வால் மட்டும் கட்டம் கட்டமாகத் தாவிப் போகும். எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் விரல் துடித்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அப்பாவின் வாட்ச்

இந்த இடத்தில் ஒரு பத்து வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

எண்பதுகளில், சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா அப்பாவுக்கு ஒரு டிஜிட்டல் வாட்ச் கொடுத்தார். முள் கிடையாது, எண்கள் மட்டும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பட்டன். ஒன்றை அழுத்தினால் தேதி, ஒன்றை அழுத்தினால் விளக்கு. மற்ற இரண்டும் எதற்கு என்று அப்பாவுக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. நான்கு பட்டன் இருக்கிற வாட்ச் நேரம் மட்டுமா காட்டும் என்று தெருவில் ஒரு சந்தேகம் கிளம்பியது.

"ஏண்ணே, இதுல மழை காட்டுமா?" என்று எதிர்வீட்டு வேலாயுதம் மாமா ஒருநாள் கேட்டார். அவர் தெருவில் மிளகாய் காயப்போட்டிருந்தார்.

அப்பா தலையை நிமிர்த்திச் சோம்பல் முறிப்பதுபோல மேற்கே ஒரு பார்வை பார்த்தார். மலை உச்சி தெரியவில்லை, மேகம் உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு பட்டனை அழுத்தி, கண்ணைச் சுருக்கி, "அஞ்சரைக்கு மேல," என்றார். மாமா மிளகாயை அள்ளினார். மழை வந்தது.

அதிலிருந்து அப்பாவுக்கு ஓய்வே இல்லை போங்கள். வற்றல் போடும் வீடு, வெள்ளை அடிக்கும் வீடு, எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அப்பா மலையைப் பார்ப்பார், அவர்கள் வாட்சைப் பார்ப்பார்கள். "மலையப் பாத்துச் சொல்லுற காலமெல்லாம் போச்சு," என்று மாமா என்னிடமே சொன்னார், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பேட்டரி தீர்ந்து எண்கள் மறைந்த பிறகும் அப்பா அதைக் கழற்றவில்லை. செத்த பட்டனை அழுத்தியே இன்னும் ஒரு ஐப்பசியை ஓட்டினார்.

நான் அப்போது அந்த ஜனங்களைப் பார்த்துச் சிரித்தவள். பின்னால் நான் செய்ததை வாசிக்கும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு

பேச்சியின் தாள்களில் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் ஒரு சிறு கோடு இருந்தது.

எங்கள் புரோகிராம் எண் வர வேண்டிய கட்டத்தில் கோட்டை ஏற்காது. 'கீங்' என்று கத்தும். காலியாக விட்டாலும் கத்தும். எதையாவது அடித்தால்தான் அடுத்த கட்டத்துக்கு விடும். நான் சாரைக் கூப்பிட்டேன்.

"கோடுன்னா என்ன அம்மாயி அர்த்தம்?"

"ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் சார்."

"ஒண்ணும் இல்லன்னா?"

"சைபர்."

"அப்புறம் என்ன. போட்டுட்டுப் போயிட்டே இரு."

அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. நான் ஒற்றைப் பிள்ளை. பள்ளிக்கூட விண்ணப்பங்களில் 'உடன்பிறந்தோர்' என்ற கட்டத்தில் கோடு போட்டே வளர்ந்தவள். கோடு என்றால் இல்லை. இதில் என்ன யோசிக்க இருக்கிறது? சைபரை அடித்ததும் அந்த மெஷினுக்கு அவ்வளவு திருப்தி. சத்தம் காட்டாமல் வழிவிட்டது.

ஒரு தாளின் ஓரத்தில் 'ஆனை' என்று பென்சிலில் எழுதியிருந்தது. 'தெற்குத் தோப்பு' என்ற பெயரில் ஏற்கெனவே மூன்று தோப்புகள் வந்திருந்தன. எது எது என்று பிரித்துக் காட்டப் பட்டப்பெயர் எழுதியிருக்கிறாள், எவ்வளவு பொறுப்பான பெண் என்று மெச்சிக்கொண்டு, 'தெற்குத் தோப்பு ஆனை' என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். அதற்கு நேரே மூன்று கோடுகள். மூன்று சைபர்கள்.

எல்லாம் முடிந்த மறுநாள், காலையிலிருந்து மத்தியானம் வரை பிரிண்டர் கிறீச்சிட்டு அடித்துத் தள்ளியது. ஓரத்தில் துளை போட்ட நீளத் தாள், மடிந்து மடிந்து கூடைக்குள் விழுந்தது. இயற்கை மன்றத்து ஆசிரியர் ஒவ்வொரு தோப்புக்காரருக்கும் அவரவர் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். என் விரல் பட்ட காகிதம் மலையடிவாரத்துக்குப் போகிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனையும் இல்லை, அணிலும் இல்லை

இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. கால்களைப் பார்த்தேன். அதே செம்மண். இந்தத் தடவை உத்தரவு கேட்கவில்லை, நேரே உள்ளே வந்துவிட்டாள்.

"யாருட்டி என் அணிலுக்குச் சைபர் போட்டது?"

'அக்கா' போய் 'ட்டி' ஆகியிருந்தது, எங்கள் பக்கத்து 'அடியே'. நான் எழுந்து நின்றேன். அவள் கையில் அந்தத் துளை போட்ட தாளின் ஒரு துண்டு.

"நீதான கோடு போட்டிருந்தே," என்றேன்.

"கோடுன்னா எண்ணலன்னு அர்த்தம். ஓரத்துல ஆனைன்னு எழுதியிருந்தேனே, பாக்கலியா?"

"அது தோப்போட பேருன்னுல்ல நெனச்சேன்."

அவள் ஏசிக்குக் கீழே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனை நின்னுச்சுட்டி. ஒத்த ஆனை. தோப்புக்குள்ள புளியமரத்துல முதுகத் தேச்சுக்கிட்டு நின்னுச்சு. ஓடைக்கு இந்தப்பக்கம் நான் குத்தவச்சு உக்காந்துருந்தேன், அது போவட்டும்னு. போவல. பொழுது அடஞ்சிருச்சு. பொறவு வந்து எண்ணிக்கிடலாம்னு கோடு போட்டேன். மறுநாளு எனக்குக் காய்ச்சலு. தாளக் குடுக்கையில வாயால சொல்லணும்னு வந்தேன், செருப்பு, காலுன்னு வாசல்லயே நின்னதுல மறந்தே போச்சு."

யானை நின்றதால் எண்ண முடியாமல் போன தோப்பை, ஒன்றுமே இல்லாத தோப்பு என்று நான் எழுதிவிட்டிருந்தேன்.

பேச்சி சொல்லச் சொல்ல விவரம் தெரிந்தது. அந்தத் தெற்குத் தோப்பு செண்பகத்தோப்பு போகிற வழியில் இருக்கிறது. சொந்தக்காரர் சங்கரலிங்கம். ஓடையோரம் வரிசையாக நிற்கிற புளிய மரங்களை ஒரு மர வியாபாரி கேட்டுக்கொண்டே இருந்தான். பேச்சி புளி பொறுக்குவது அந்தத் தோப்பில்தான். அணில் குடியிருக்கிற மரம், வெட்டாதீர்கள் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். சங்கரலிங்கம் கெட்டவர் இல்லை. லிஸ்ட் வரட்டும், கூடு இருக்கிறது என்று எழுத்தில் வந்தால் மரத்தைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். லிஸ்ட் வந்தது. மர வியாபாரிக்குச் சரி என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ரம்பத்தோடு ஆள் வரும்.

"'நீங்களே தெனமும் அணிலப் பாக்கீகளே மொதலாளி'ன்னு கேட்டேன். 'நான் பாக்குறது கெடக்கட்டும் பேச்சி, கம்ப்யூட்டர்ல இல்லியே'ங்காரு. 'ஆனையும் சைபரு, அணிலும் சைபருன்னுல்ல போட்டுருக்கான்'னு சொல்லிச் சிரிக்காரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலாயுதம் மாமாவுக்கு மழை சொன்ன வாட்சை அப்பா அழுத்தினார், சங்கரலிங்கத்துக்கு அணில் சொன்ன மெஷினை நான் அழுத்தியிருக்கிறேன். அப்பா அழுத்துவதற்கு முன் மலையையாவது ஒரு தடவை பார்த்தார்.

சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "கேட்டது நீ, போடச் சொன்னது நான்," என்றார். "காலிக் கட்டத்தையும் ஏத்துக்கிற மாதிரி நாளைக்கே மாத்திர்றேன். தோப்பை மறுபடி எண்ணச் சொல்லு. திங்கக்கிழமைக்குள்ள புது லிஸ்ட் குடுத்துருவோம்."

மரம் மரமாக

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

"மொத்தமா தோப்புக்கு இம்புட்டுக் கூடுன்னு ஒரு நம்பர் போட்டாப் போதாதா?" என்று பேச்சி கேட்டாள்.

போதாது என்று சொன்னவள் நான். ஒரு தடவை தப்பாகப் போன லிஸ்டை அவர் மறுபடி நம்ப வேண்டுமே. "மரம் மரமா எண்ணு. ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்புல நம்பர் போடு. எந்த மரத்துல எத்தனை கூடுன்னு தனித்தனியா எழுது. அப்பத்தான் யாரும் மறுக்க முடியாது," என்றேன். இனி என் கையால் பிழையே வரக் கூடாது என்ற வெறி எனக்கு.

பேச்சி வெள்ளியும் சனியும் தோப்பிலேயே கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலில் ஜெபம் முடிந்ததும் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே நேரே சென்டருக்குப் போனேன். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை இரண்டிலும் சிராய்ப்பு.

"எல்லா மரத்துலயும் ஏறிப் பாத்துட்டேன். இதுல உள்ள சைபரு நெசமான சைபரு," என்றாள்.

நான் சரி பார்த்துச் சரி பார்த்து அடித்தேன். ஒன்றாம் மரம், கூடு இரண்டு. இரண்டாம் மரம், கூடு இல்லை. மூன்று, இல்லை. நான்கு, இல்லை. ஐந்தாம் மரம், ஒன்று. பேச்சி என் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை எழுத்து அவள் கண்ணில் தெரிந்தது. "இங்ஙன எங்க மரம் இருக்கு?" என்று ஒரு முறை கேட்டாள். எண்ணைத் தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "இதுவா," என்றாள்.

சாயங்கால பஸ்ஸில் சீவில்லிபுத்தூர் போனோம். சங்கரலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக் கிணற்றடியில் நின்றிருந்தார். கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். விரலை வைத்து வரி வரியாகக் கீழே இறங்கினார்.

"முன்னால வந்தது பிழை சார். தப்பு என்னோடது," என்றேன்.

"அதனால என்னம்மா. இப்பம் சுத்தமா இருக்கே. நம்பரெல்லாம் போட்டு, எந்த மரம், என்ன ஏதுன்னு வெவரமா." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கூடு இருக்குற மரம் ஒண்ணக்கூடத் தொட மாட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்."

தெருமுனைக்கு வந்ததும் பேச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளுக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். "இத வெளியூர்க்காரவியதான் திம்பாவ," என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்று இலையையும் வழித்தாள். வெயில் தாழ்ந்து, தேர் நிற்கிற பக்கம் கோபுரத்தில் புறாக்கள் அடைந்துகொண்டிருந்தன. எதையோ காப்பாற்றிவிட்ட நிம்மதியில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் தூங்கிப்போனேன். அணில்களுக்கு அன்று கனவில் உடம்பு வந்திருந்தது.

தோப்பில்

ஈஸ்டர் கழிந்து சில வாரம் கழித்து பேச்சி ஆள் மூலம் சொல்லிவிட்டாள். ஒரு நடை வந்து போ என்று மட்டும்தான். அணிலைக் காட்டக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கிளம்பினேன். புதுச் செருப்புகூடப் போட்டிருந்தேன்.

செண்பகத்தோப்பு போகிற வழி மாங்காய்ப் பால் வாசனையாக இருந்தது. எத்தனையோ தடவை விரலால் நடந்த பாதை. காலுக்கு அது புதுசு. மலை இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பேச்சி ஓடைக்கரையில் நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு வெள்ளை நாய். மாங்காய்ப் பருவம் என்பதால் சங்கரலிங்கம் காவலுக்கு விட்டிருந்தார்.

"அந்தா பாரு," என்றாள்.

முதலில் மரத்தைப் பார்த்தேன். ஒன்று என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. நான் அடித்த ஒன்று. பெரிய புளிய மரம். உயரத்தில் இலையும் குச்சியும் சேர்த்துக் கட்டிய உருண்டையான இரண்டு கூடுகள். அந்தக் கூட்டின் பக்கத்திலிருந்து அது வந்தது.

சாம்பல் நிறம்தான். ஆனால் தாளில் சொல்லாதது எவ்வளவோ இருந்தது. மூக்கு இளஞ்சிவப்பு. காது மடலில் மயிர். வெயில் பட்ட இடத்தில் முதுகு நரைத்த தலைபோல மினுங்கியது. வாலைக் கிளைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு அவசரமில்லாமல் கிளை நுனி வரை நடந்து வந்தது. நுனியில் நின்றது. கிளை தாழ்ந்து ஆடியது. அது எதிரே பார்த்தது.

எதிரே ஒன்றும் இல்லை. வெறும் ஆகாயம்.

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். இரண்டாம் மரம் இருந்த இடத்தில் அறுத்த அடிமரம். மூன்று, அடிமரம். நான்கு, அடிமரம். அப்பால் ஐந்தாம் மரம் தனியாக நின்றது. அதற்கும் அப்பால் மறுபடி அடிமரங்கள். மரத்தூள் இன்னும் மஞ்சளாகக் கிடந்தது. கூடு இருந்த மரம் ஒன்றைக்கூட சங்கரலிங்கம் தொடவில்லை. சொன்ன வாக்கை அப்படியே காப்பாற்றியிருந்தார், கையில் என் லிஸ்டை வைத்துக்கொண்டு.

அணில் திரும்பிப் போய் வேறு ஒரு கிளை வழியாக வந்தது. அங்கேயும் நின்றது.

"கூடு கட்டுன மரத்துல அது தூங்கும், குட்டி போடும்," என்றாள் பேச்சி. "திங்கவும் தண்ணி குடிக்கவும் மத்த மரத்து மேல ஏறித்தான போவணும்? நீ சைபரு போட்டியே, அந்த மரமெல்லாம் அதுக்கு ரோடுட்டி."

"எண்ணும்போதே சொல்லியிருக்கலாமே பேச்சி."

"கூடு எத்தனைன்னுதான கேட்டீக. ரோடு எத்தனைன்னு யாரும் கேக்கலியே." அவள் கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கும் இப்பிடி ஆவும்னு தெரியாது. கூடு இருக்குன்னு வந்தா தோப்பையே விட்டுருவாருன்னு நெனச்சேன். அதான் மொத்தமா ஒரு நம்பரு போடுன்னேன்."

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த லிஸ்டில் பிழை ஒன்றும் இல்லை. இரண்டாம் மரத்தில் கூடு இல்லை, மூன்றில் இல்லை, நான்கில் இல்லை. எல்லாம் சரியாகத்தான் அடித்திருந்தேன்.

அணில் கிளையை விட்டு மரத்தின் தண்டுக்கு வந்து, தலைகீழாக இறங்க ஆரம்பித்தது. ஒரு முழம் இறங்கும், நிற்கும், நாலு பக்கமும் பார்க்கும். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நாய் காதை விறைத்தது. பேச்சி சட்டென்று மண்டி போட்டு இரண்டு கையாலும் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாய் திமிறியது. அவள் முகம் அதன் முதுகில் புதைந்திருந்தது.

அணில் தரையில் குதித்தது. மரத்தில் அவ்வளவு அழகாக நடந்தது, மண்ணில் எப்படி ஓடுவது என்று தெரியாததுபோல ஓடியது. அடிமரங்களைச் சுற்றிச் சுற்றி, மரத்தூளைக் கிளப்பிக்கொண்டு, வாலை இழுத்துக்கொண்டு போய் ஐந்தாம் மரத்தில் தொற்றி ஏறி மறைந்தது.

பேச்சி நாயை விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு நான் இருந்தேன். புளி முடிஞ்சிருச்சு எஸ்தரு, நாளையிலேருந்து எனக்கு இங்க சோலி இல்ல."